புதுப்பட வரிசையும் கடலோர வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால், புதுப்படம் வந்தாலே மதியக் காட்சிக்குக் குடும்பத்தோடு ராமநாதபுரம் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வார வெயிலில் கவனம் தேவை. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும்.

ஒரு பாட்டில் கரைசல் கொண்டுபோங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நீர்மோர் போதும்.

ஒரு கொசுறுத் தகவல்: பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசுவது புளித்துக் கள்ளாகாமல் இருக்கத்தான். வெயில் ஏறினால் புளிப்பு முந்திக்கொள்ளும், காலையிலேயே குடித்துவிடுங்கள்.

திரையரங்குக்காரர்கள் டிக்கெட் வரிசைக்கு மேல் கீற்றுப் பந்தல் போட வேண்டும். தகரம் வேண்டாம், அது சூட்டைத் தலையில் இறக்கும். வரிசையில் கைக்குழந்தைகளும் நிற்கிறார்கள்.

– வாசகர், மண்டபம்