மலையகத்துக்குச் சேவைப் பயணம் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் திருச்சபை வாலிபர்களும் கல்லூரி மாணவர்களும் கோடை விடுமுறையில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்துக்குச் சேவைப் பயணம் போவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். நல்ல மனசோடுதான் போகிறார்கள். ஆனால் எந்த மாதம் போவது, எதைக் கொண்டுபோவது, அங்கே என்ன செய்வது என்று எல்லாம் இங்கேயே முடிவாகிவிடுகிறது. சிக்கல் அதில்தான் ஆரம்பிக்கிறது.

மே மாதம் நமக்கு விடுமுறை. அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். மழை விழுந்து கொழுந்து மளமளவென்று துளிர்ப்பதும் அப்போதுதான். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலிதான் விழும். பகல் பதினோரு மணிக்கு முகாம் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று குறைப்படுவது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அதற்கும் தோட்டத் துரையிடம் (மேலாளரிடம்) முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் போனால் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது என்பது அந்நாட்டு விதி. அங்கே பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் வழியாக உரிய விசா எடுப்பதே முறை. நம்மூர் டாக்டர் அங்கே ஊசி போடவோ மருந்து எழுதவோ வேண்டுமானால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். மருந்துப் பெட்டிக்கும் அனுமதி வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதியாக ஓராண்டாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைவிடப் பெரிய தவறு, பிரஷர் இருப்பதாகச் சொல்லி முப்பது நாள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. முப்பத்தொன்றாம் நாள் என்ன செய்வார்கள்? பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அளந்த அளவைச் சீட்டில் எழுதி அங்கே அனுப்புங்கள். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும் பெண்களிடம், அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சொன்னாலே பெரிய உதவி.

நம் ஊர்ப் பாடப்புத்தகங்களை மூட்டை கட்ட வேண்டாம். அவர்கள் பாடத்திட்டம் வேறு. பாடப்புத்தகத்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மெல்லிய பருத்திச் சேலையும் வேண்டாம். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கம்பளி, மழைக்கோட்டு, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஆகியவைதான் அங்கே தேவை. ஒரு லயத்தில் 24 வீடு இருந்தால் 24 வீட்டுக்கும் கொண்டுபோங்கள். இருபதோடு போனால் நாம் விமானம் ஏறுவதற்குள் லயத்தில் சண்டை வந்துவிடும்.

வீட்டுக்குள் போவதற்கும் கணக்கு உண்டு. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), உள்ளே பத்துக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பிரா (அறை), பின்னால் விறகடுப்பு. பல லயங்களில் வீடே அவ்வளவுதான். இருபது பேர் நுழைந்தால் அந்த அம்மா இருபது கோப்பை தேத்தண்ணி ஊற்றாமல் விடமாட்டார். வாரத்துக்கு வைத்திருந்த பால்மாவும் சீனியும் ஒரே வேளையில் தீர்ந்துவிடும். இருவர் மட்டும் போங்கள். கேட்காமல் அடுப்படியையும் பிள்ளைகளையும் படம் எடுக்க வேண்டாம். ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் பொருள் என்ற பேச்சே கூடாது. பெரும்பாலான லயங்களுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில்தான் இருக்கிறது.

குழுக்கள் ஆசையாக எடுத்துச் செய்வது தண்ணீர்க் குழாய் வேலை. அடுத்த வருஷமே கெட்டுப்போவதும் அதுதான். மே மழையில் அளந்தால் ஊற்று ஏமாற்றும். பிப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும். 20 லிட்டர் வாளி நிறைய 100 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். இருபது குடும்பம், நூறு பேர், ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 5,000 லிட்டர் போதும். ஆனால் எல்லோரும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் பிடிப்பதால், இரவில் நிரம்பும் தொட்டி கட்டாயம். தண்ணீர் எடுக்கும் இடம் தேயிலை மலைக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எடுத்தால் உரமும் களைக்கொல்லியும் கலந்துதான் வரும். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். மேட்டில் காற்று வால்வும் பள்ளத்தில் வண்டல் திறப்பும் வையுங்கள். நேர்க்குத்தாகப் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு கிலோ அழுத்தம் ஏறும். அறுபது மீட்டருக்கு மேல் இறங்கும் இடத்தில் ஆறு கிலோ அழுத்தம் மட்டுமே தாங்கும் குழாய் போட்டால், ராத்திரி எல்லாப் பைப்பும் மூடியிருக்கும்போது மூட்டு பிய்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு திறந்த தொட்டி கட்டி அழுத்தத்தை உடைக்க வேண்டும்.

மிஷன் என்றால் என்னவென்று வேலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஜான் ஸ்கடர் முதலில் ஊழியம் செய்தது யாழ்ப்பாணப் பக்கம். அவர் பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் தாமே எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துவிட முடியாது என்று 1918-இல் இந்த மண்ணின் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். பத்து நாள் பயணத்தில் அவ்வளவு முடியாதுதான். ஆனால் குழாய் பதிக்கும்போது அந்த லயத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூடவே வைத்துக்கொண்டு, குழாய் மூட்டு ஒன்றைக் கழற்றி மாட்ட அவர்கள் கையாலேயே நாலு தடவை செய்யவைக்கலாம். பைப் ரெஞ்சு ஒன்று, ரம்பம் ஒன்று, உதிரி இணைப்பு ஆறு ஆகியவற்றை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.