வேளாண் மாநில உறுப்பினர்களுக்கு: லெம்கே வாங்கிக் கொடுத்த அவகாசம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் பதினான்கு வருடமாக வாழ்கிறேன். போன இலையுதிர்காலத்தில் தெரிந்தவர் ஒருவரின் பண்ணை ஏலத்துக்குப் போனேன். ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை கூவிக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் டிராக்டர் சக்கரத்தில் கைவைத்தபடி கடைசிவரை அசையவில்லை. அவருடைய அப்பாவின் கருவிப்பெட்டி நாற்பது டாலருக்குப் போனது. வங்கிக் கடிதங்களையெல்லாம் அவர் மனைவி பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். பண்ணைக் குடும்பங்கள் நிலத்தை இழக்காமல் கடனை அடைக்க வழிசெய்யும் திவால் சட்டத்தின் 12-ஆம் அத்தியாயம் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

இதே மாநிலத்திலிருந்து உங்கள் சபைக்கு வந்தவர் வில்லியம் லெம்கே. பண்ணைப் பிள்ளை. சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பினார். விவசாயிகள் கட்டியெழுப்பிய கட்சிசாரா லீக்கில் முன்னணியில் நின்றார். அந்த லீக் 1919-ல் தொடங்கிய மாநில வங்கி இன்றும் நடக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமை வழக்கறிஞராக) இருந்த அவரை 1921-ல் மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1932 தேர்தலில் வென்று வாஷிங்டன் போனார்.

வறட்சியும் விலைவீழ்ச்சியும் சேர்ந்து அடித்த காலம் அது. 1934-ல் செனட்டர் ஃபிரேசியரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டம், கடனாளி விவசாயியை அவன் நிலத்திலேயே இருக்க விட்டது. நியாயமான வாடகை கட்டிக்கொண்டு ஐந்து வருடம் உழலாம். மதிப்பிட்ட விலைக்கு நிலத்தை மீட்கலாம். 1935 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. லெம்கே துவளவில்லை. அவகாசத்தை மூன்று வருடமாகக் குறைத்து, சட்டத்தைத் திருத்தி, அதே ஆகஸ்டில் மறுபடி நிறைவேற்ற வைத்தார். 1937-ல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1936-ல் யூத வெறுப்பைப் பரப்பிய பாதிரியார் காக்லினின் ஆதரவோடு ஜனாதிபதித் தேர்தலில் நின்றது பெரும் தவறு. கிடைத்தவை ஒன்பது லட்சத்துக்கும் குறைவான வாக்குகள். இடையில் இரண்டு வருடம் தவிர, 1950-ல் இறக்கும்வரை உங்கள் சபையிலேயே இருந்தார்.

அவருடைய சட்டம் 1949-ல் காலாவதியானது. மறுபடி ஒரு பண்ணை நெருக்கடி வந்து 12-ஆம் அத்தியாயம் பிறக்க 1986 ஆயிற்று. அது நிரந்தரமானது 2005-ல்தான். நிலத்தின் இன்றைய மதிப்புக்கேற்ப அடமானக் கடனைக் குறைத்து, மூன்று முதல் ஐந்து வருடத் திட்டத்தில் அடைக்க அது வழிசெய்கிறது. ஆனால் தெரிந்தவனுக்குத்தானே அது சட்டம்?

நான் கேட்பது ஒன்றே. தவணை தவறிய பண்ணைக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவர் அனுப்பும் முதல் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, இந்த உரிமையையும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டமாக்குங்கள். அடுத்த விதைப்புக்கு முன்பே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஃபார்கோவாசி ஒருவர்