எல்லா அணிக்கும் ஒரே நாளில் லீவு விடுங்கள்

சேலத்துக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கும் அணிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை இரண்டு ஆட்டம் ஆடிய பையன்களை மறுநாள் விடியற்காலையிலேயே ஏற்காடு அடிவாரத்தில் இறக்கி, மலைப்பாதையில் ஓடவிட்டார்கள். நாலாவது கொண்டை ஊசி வளைவில் என் மகன் உட்கார்ந்துவிட்டான். வயது 14. "ஸ்டாமினா இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்களாம்.

அன்று ராத்திரி தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டான். எழுப்பியபோது விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு காலில் சாக்ஸ் அப்படியே இருந்தது. மூன்று வாரமாகவே பசியில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். காலையில் எழுந்ததும் 62 இருந்த நாடித்துடிப்பு இப்போது 76. முட்டிக்குக் கீழே தொட்டாலே கத்துகிறான். வளர்கிற எலும்பைத் தசை இழுத்து இழுத்து வந்த வீக்கம், ஓய்வுதான் மருந்து என்றார் டாக்டர்.

அந்த ஓய்வை எங்கே போய் வாங்குவது? பள்ளி அணிக்கு வெள்ளி லீவு, கிளப்புக்குச் செவ்வாய், செலக்‌ஷன் கேம்ப்புக்குப் புதன். மூன்றிலும் ஆடுகிற பையனுக்கு ஒரு நாளும் லீவு இல்லை. அவரவர் கணக்கு சரிதான். மொத்தக் கணக்கை யார் பார்ப்பது? அதனால்தான் கேட்கிறேன், எல்லா அணிக்கும் ஒரே நாளில் லீவு விடுங்கள்.

ஒரு ஆட்டத்தில் தசை இழந்த சத்து திரும்பச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் மறுபடி விரட்டினால் பலம் ஏறாது, இறங்கும். ஸ்பெயின் கால்பந்து வீரர் பெட்ரி 2020-21 சீசனில் 70 ஆட்டத்துக்கு மேல் ஆடினார். அடுத்த சீசனில் தொடைத் தசைக் காயத்தால் மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். அவருக்காவது கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள். நம் பையன்களுக்கு ஒரு ஸ்பிரே டப்பாவும் தண்ணீர் கேனும்தான். கோப்பை வாங்கினால் மேடையில் இடம் போதாத அளவுக்குக் கூடுகிறோம், பெற்றோர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முட்டி வீங்கினால் ஆட்டோ பிடிக்க ஒருவரும் இல்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் உழைப்பால்தான் இவன் பந்தையே தொட்டான். எந்தக் கிழமை என்பதை நீங்களே கூடிப் பேசி, மாதக் கடைசிக்குள் தெரிவித்தால் போதும். ஆட்டத்துக்கு மறுநாள் மலை ஓட்டம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பையனின் அப்பா,
அஸ்தம்பட்டி, சேலம்