பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா?

எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு,

பிரசவத்துக்குப் பின் எனக்கு வந்த மனச்சோர்வைக் கண்டுகொண்டவர் நீங்கள். நேரில் நன்றி சொல்ல வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

பிரசவமான மூன்றாம் நாள் அழுகை தொடங்கியது. பச்சை உடம்பு, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பலருக்கு அப்படித்தான் தணிகிறது. எனக்கு ஆறாவது வாரத்திலும் தணியவில்லை. பார்க்க வந்தவர்கள் தொட்டில் சேலையை விலக்கி, பாப்பா யார் சாயல் என்று பேசிவிட்டுப் போனார்கள். பத்தியச் சோறு உள்ளே இறங்காது. மகள் வீறிட்டு அழுவாள்; தூக்க வேண்டும் என்று தெரியும், கை எழாது. பெற்றவள் இப்படியும் இருப்பாளா என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது அட்டையில் எழுதி முடித்துப் பேனாவை மூடினீர்கள். "பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா, கண்ணு?" என்று கேட்டீர்கள். வரவில்லை, அக்கா. அவள் இரண்டு மணி நேரம் அயர்ந்தாலும் நான் மின்விசிறியையே பார்த்துக் கிடப்பேன். அதைச் சொல்லும்போதே உடைந்துவிட்டேன். வெயிலில் இன்னும் பல வீடுகள் ஏறி இறங்க வேண்டிய நீங்கள், பையை ஓரமாக வைத்துவிட்டு என் பாயில் உட்கார்ந்தீர்கள்.

அதன்பின் என்னைப் பார்த்த அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. அவர் என்னிடம் கேட்டது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் வழக்கத்தில் இருக்கும் எடின்பரோ வினாப்பட்டியல். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். மதிப்பெண் கூடக் கூட மனச்சோர்வு அதிகம் என்று பொருள்; மொத்தம் 30-இல் எனக்கு 19. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கடைசிக் கேள்வியைக் காய்ச்சல் இருக்கிறதா என்பதுபோல் பதறாமல் கேட்டார். அதனால்தான் "உண்டு" என்று சொல்ல முடிந்தது. ரத்தசோகையும் தைராய்டும் சோதித்தார். பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மாத்திரையைத் தேர்ந்து, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார்.

மந்திரிக்கச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பிவைத்தவர் என் அத்தை. "இதுவும் பிள்ளைப்பேற்று நோய்தான்" என்று சொல்லி, இரவில் பீய்ச்சிவைத்த பாலைத் தாமே சங்கில் புகட்டினார். எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, சுவரில் எழுதி ஒட்டி, நடுநிசியில் எனக்காக அழைத்துக் கொடுத்தார் கணவர்.

மாத்திரை பிடிக்க நான்கு வாரம் ஆயிற்று. இன்னும் சாப்பிடுகிறேன். நேற்று மதியம் மகளுக்குப் பால் கொடுத்தபடியே நானும் கண்ணயர்ந்துவிட்டேன், அக்கா. விழித்தபோது அவள் விரல் என் தாலிக்கயிற்றைப் பற்றியிருந்தது.