காசு அனுப்பும் கவுண்டரை மூடுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முடிவதோடு எங்கள் கடையின் காசு அனுப்பும் கவுண்டரை மூடுகிறோம். மரக்கறி, மீன், மளிகை, சிம் அட்டை எல்லாம் வழக்கம்போல இருக்கும். கடைக்கு ஏதும் நெருக்கடியா என்று சிலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நடந்தது என்ன, இனி ஊருக்குக் காசு அனுப்பும்போது நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

லண்டனில் எங்கள் கடை இருக்கும் லூயிஷம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் கவுண்டர் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் நம்மவர்கள் இல்லை. கானா, நைஜீரியா, உகண்டா, சியரா லியோன் நாட்டுக்காரர்கள். முருங்கைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் யாம் கிழங்கும் பெரிய வாழைக்காயும் அடுக்கியிருப்பது அவர்களுக்காகத்தான். சம்பள நாளில் வந்து, முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டு, கையில் மிஞ்சியதில் சாமான் வாங்குவார்கள். அந்த வரிசைதான் முதலில் குறைந்தது. அவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை, ஃபோனுக்கு மாறினார்கள். இப்போது நம் ஆட்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் அவ்வளவு சுலபமாக மாறினார்கள்? கானாவில் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவர் குவாமே. வீட்டில் எல்லோரும் கோஃபி என்பார்கள், அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கும். நம்மில் வீட்டுப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட் பெயர் ஒன்று இருப்பது போலத்தான். இங்கே படிவத்தில் கோஃபி என்று எழுதிக் கொடுத்தால் அங்கே வங்கியில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாயோ தம்பியோ கிராமத்திலிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வந்து, வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்புவார்கள். மறுநாள் அனுப்பியவர் எங்கள் கவுண்டருக்கு வந்து திருத்தம் எழுதிக் கொடுப்பார். இதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம்.

ஃபோன் பணம் வந்ததும், காசு ஃபோன் நம்பருக்கே போவதால், இந்தச் சிக்கல் பெரிதும் ஓய்ந்தது. கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2007-இல் எம்-பெசா என்ற ஃபோன் பணச் சேவையைத் தொடங்கியது. சாதாரண பட்டன் ஃபோன் போதும், வங்கிக் கணக்கு வேண்டாம். தெருமுனைக் கடையில் காசைக் கொடுத்தால் ஃபோனில் ஏறும், இன்னொரு ஊரில் அதே மாதிரிக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். கானாவில் எம்.டி.என். நிறுவனத்தின் ஃபோன் பணச் சேவையான மோமோவின் முகவர்கள் மஞ்சள் குடையின் கீழ் ஒரு சின்ன மேசையோடு உட்கார்ந்திருப்பார்கள். சோமாலிலாந்தில் 2009-இல் வந்த ஸாட் சேவையில் டொலராகவே வைத்துக்கொள்ளலாம். ஆக, வாங்குகிற பக்கம் முன்பே தயாராகிவிட்டது. பின்தங்கி நின்றது லண்டன் பக்கம்தான். இங்கே இன்னும் பேனாவும் படிவமும் ரொக்கமும்.

அந்த இடைவெளியைத்தான் ஃபோன் செயலி வழியாகக் காசு அனுப்பும் புதிய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் தாங்களே வீட்டுக்குக் காசு அனுப்பியவர்கள். வேர்ல்ட்ரெமிட்டை 2010-இல் லண்டனில் தொடங்கிய இஸ்மாயில் அகமது, சோமாலிலாந்தில் போர் நடந்த காலத்தில் இங்கே படிக்க வந்தவர். கென்ட் தோட்டங்களில் ஸ்ட்ராபெரி பறித்த கூலியை எத்தியோப்பிய அகதி முகாமில் இருந்த குடும்பத்துக்கு அனுப்பியவர். பின்னர் ஐ.நா. வேலையில் இருந்தபோது முறைகேடு ஒன்றை வெளியே சொல்லி, வேலையை இழந்து, அதற்குக் கிடைத்த இழப்பீட்டை முதலாகப் போட்டுத்தான் நிறுவனத்தைத் தொடங்கினார். போரால் ஊரை விட்டு வந்த எங்களுக்கு அவரைப் பற்றிப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. தான்சானியாவின் பெஞ்சமின் ஃபெர்னாண்டஸ் தொடங்கிய நாலா, 2020-இல் வந்த லெம்ஃபை, அமெரிக்க இளைஞர்கள் கென்யாவுக்கு அனுப்புவதற்கென்று தொடங்கிய சென்ட்வேவ் என்று வரிசையாக வந்தன. சென்ட்வேவை வேர்ல்ட்ரெமிட் 2020-இல் ஐம்பது கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது.

விலை விஷயத்தைச் சொல்ல வேண்டும். உலகிலேயே அதிகச் செலவில் பணம் போய்ச் சேரும் பகுதி சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காதான். 2014 வாக்கில் 200 டொலர் அனுப்பச் சராசரியாக 12 சதவீதம் வரை போயிற்று. இப்போதும் 8 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 2030-க்குள் அதை 3-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. ஃபோனில் அனுப்பினால் இந்தச் சராசரியைவிடப் பெரும்பாலும் குறைவு. மிகவும் குறைவாகச் சம்பாதிப்பவர்களிடம் மிக அதிகமாகப் பிடிக்கும் இந்த வழக்கம் அநியாயம் என்றே நினைக்கிறோம். எங்கள் கவுண்டர் மூடப்பட்டாலும், அந்தச் செலவு குறைவது எங்களுக்குச் சந்தோஷம்தான்.

கொரோனாக் காலம் மாற்றத்தை இன்னும் வேகமாக்கியது. ஊர் முழுக்க அடைத்துக் கிடந்த 2020-இல் உலகம் முழுவதும் ஊருக்கு அனுப்பும் பணம் 20 சதவீதம் விழும் என்று உலக வங்கி எதிர்பார்த்தது. அவ்வளவு விழவில்லை. மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலும் வேலை செய்தவர்கள் ஃபோனிலேயே அனுப்பினார்கள். கடை திறந்த பிறகும் அவர்கள் கவுண்டர் பக்கம் வரவில்லை. அதோடு, ரொக்கமாக வாங்கி அனுப்பும் சிறு கடைகளுக்குக் கணக்கு வைத்துத்தர வங்கிகள் தயங்குவது பழைய கதை. 2013-இல் காசு அனுப்பும் தொழிலில் சோமாலியர்களின் பெரிய நிறுவனமான தஹப்ஷீலே தன் வங்கிக் கணக்கைக் காப்பாற்ற லண்டன் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சரி, இந்தச் செயலிகள் எப்படி நிமிடத்தில் கொடுக்கின்றன? நம் உண்டியல், அதாவது வங்கி வழியே போகாமல் ஆட்கள் மூலம் ஊரில் காசு கொடுக்கும் முறை, தெரிந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. நிறுவனம் கானாவில் முன்கூட்டியே அந்த நாட்டுப் பணத்தைப் போட்டு வைத்திருக்கும். நீங்கள் இங்கே கார்டில் பவுண்ஸ் கட்டினதும் அங்கே இருப்பிலிருந்து கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கக் கணக்கும் பிறகு மொத்தமாக நேராகும். உண்டியலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அனுமதி, பதிவு, அடையாளச் சோதனை. இன்னொன்றும் உண்டு. 2021 கடைசியில் இலங்கை மத்திய வங்கி டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்தபோது நம்மில் எத்தனை பேர் உண்டியலுக்குப் போனோம்! நைஜீரியர்களுக்கும் அதே நிலைமை இருந்தது. வங்கி ரேட் ஒன்று, தெரு ரேட் ஒன்று. 2023 ஜூனில் நைஜீரியப் பணமான நைராவின் ரேட்டைச் சந்தைக்கு விட்ட பிறகுதான் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. அரசு ரேட்டை இறுக்கிப் பிடிக்கிற நாட்டில் எந்தச் செயலியும் சனத்தை நேர்வழிக்கு இழுக்க முடியாது.

இனி உங்களுக்கு முக்கியமானது. "கட்டணம் இல்லை" என்ற வரியைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 200 பவுண்ஸ் அனுப்பும்போது கட்டணமே இல்லாமல் ரேட்டில் 2 சதவீதம் குறைத்தால் உங்களுக்கு 4 பவுண்ஸ் நட்டம். இன்னொருவர் 2 பவுண்ஸ் கட்டணம் வாங்கி ரேட்டில் அரை சதவீதம் மட்டும் குறைத்தால் 3 பவுண்ஸ்தான் போகிறது. ஆகவே அம்மாவின் கையில் எத்தனை ரூபாய் சேரும் என்ற ஒரே எண்ணை மட்டும் இரண்டு மூன்று செயலிகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவைக்கு மட்டும் தரும் நல்ல ரேட் அடுத்த தடவை இருக்காது, அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வேர்ல்ட்ரெமிட் இலங்கைக்கும் அனுப்புகிறது. ஆப்பிரிக்கர்களுக்காகத் தொடங்கிய லெம்ஃபை இப்போது இந்தியாவுக்கும் அனுப்புகிறது. யாரிடமும் நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை, எதையும் சிபாரிசும் செய்யவில்லை.

புதுப் பெயர் எதுவானாலும் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் அமைப்பான எஃப்.சி.ஏ.-வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். செயலியில் காசைத் தேக்கி வைக்காதீர்கள். வங்கி வைப்புக்கு உள்ள இழப்பீட்டுத் திட்டம் இவற்றுக்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் பாதுகாக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, ஆனால் நிறுவனம் நொடித்தால் திரும்பக் கிடைக்க நாளாகும். அப்புறம், ரகசிய பின் (PIN) நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள், எங்களுக்கும்கூட.

ஃபோன் பழக்கமில்லாத பெரியவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நாள் கவுண்டரை வைத்திருந்தோம். அவர்களைக் கைவிட மாட்டோம். செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் ஃபோனும் பாஸ்போர்ட்டும் கொண்டுவாருங்கள். கடைப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார்கள், பொத்தானை அழுத்துவது நீங்களாகவே இருக்க வேண்டும். ரொக்கமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், அதை இன்னும் வாங்கும் அஞ்சல் நிலையங்கள் பக்கத்தில் உண்டு.

ஏற்கெனவே அனுப்பிய பணத்துக்கு ஏதாவது கேள்வி இருந்தால் ரசீதோடு வாருங்கள். சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவேடுகள் எங்களிடம் இருக்கும், தேடித் தருவோம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
லூயிஷம், லண்டன்