பவளமல்லியின் நுனியை ஒடிக்காதீர்கள்

ஐயா,

சீர்காழியில் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவன் நான். எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கிற பவளமல்லி, அப்பா வைத்தது.

மூட்டுவலிக்கு இதன் இலைக் கஷாயம் நல்லது என்று ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. சித்த வைத்தியத்தில் இந்த இலைக்கு இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் நாலு இலை பறிப்பதில்லை. முழ நீளத்துக்குக் கிளையை ஒடித்துப் பையில் திணித்துக்கொண்டு போகிறார்கள். பவளமல்லி அரும்பு கட்டுவது நுனியிலும் அதை ஒட்டிய இலைக்கணுக்களிலும்தான். ஆடியில் நுனி போய்விட்டால் ஆவணியில் பூ எங்கிருந்து வரும்?

விடிகாலை நாலரைக்கு எழுந்து மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைப்பது என் வழக்கம். பொழுது சாய்ந்து மலர்ந்த பூ, கிழக்கு வெளுக்கும்போது தானாகக் கழன்று விழும். வெள்ளை இதழ் துணியில் கவிழ்ந்திருக்க, பவளக் காம்பு மேலே நிற்கும். கீழே விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்பார்கள். இதற்கு அந்த விலக்கு இல்லை. எங்கள் சட்டைநாதர் கோயிலின் தலமரமே இதுதான். முன்பு வேட்டி நிறைய அள்ளுவேன். போன ஐப்பசியில் இரண்டு கைப்பிடி தேறவில்லை. வேட்டியை உதறி மடித்தபோது மனசு கனத்துப் போனது.

இந்த இலை எனக்கும் வேண்டியதுதான். தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்பா இதை வைத்துத்தான் மனைப்பலகையைத் தேய்த்து வழவழப்பாக்குவார். ஒருநாளும் கிளையை முறித்ததில்லை. கீழ்க்கிளையில் முற்றிய இலையாகப் பார்த்துக் கிள்ளுவார், அவ்வளவுதான்.

இலை வேண்டுமென்றால் கேளுங்கள், நானே பறித்துத் தருகிறேன். அப்புறம், இதன் காய் தட்டையாக, வட்டமாக இருக்கும். உள்ளே இரண்டு விதை. அவற்றைப் போட்டுப் பதினாலு கன்று எழுப்பியிருக்கிறேன். வாசலில் கொஞ்சம் மண் இருந்தால் போதும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். மழைக்காலத்தில் மரக்கன்று கொடுப்பவர்கள் பவளமல்லியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. தெருவுக்கு இரண்டு மரம் நின்றாலே என் வீட்டு மரம் பிழைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர்,
சீர்காழி.