ஒளிபரப்பின் நடுவே ஒரு ஜெபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். விளையாட்டுக் களத்தில் ஒருவர் உயிருக்குப் போராடும் நேரத்தில், தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்திருப்பவர் நேரலையிலேயே வாய்விட்டு ஜெபிப்பது தகுமா என்று உங்கள் நிலையத்தில் நடக்கும் விவாதத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். தயாரிப்பாளர்களில் நீயும் ஒருவன் என்பதாலும், ஜெபிக்கிற வீட்டில் வளர்ந்தவன் என்பதால் உன் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று மற்றவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டதாக நீ வருந்தியிருப்பதாலும், இதைத் தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தது. ஜெபிக்கிறவர்களையும் மருத்துவம் செய்கிறவர்களையும் ஒரே கட்டிலருகில் பார்த்துப் பழகியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் டேமார் ஹாம்லினுக்கு நேர்ந்ததைத்தான். 2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு, சின்சினாட்டி நகரில் பஃபலோ பில்ஸ் அணியும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் ஆடிய ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிவதற்குள், பந்தோடு ஓடிவந்த டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திய ஹாம்லின், எழுந்து நின்று, அடுத்த கணமே மல்லாந்து விழுந்தார். அப்போது அவருக்கு 24 வயது. நெஞ்சில் விழுகிற ஓர் அடி, இதயத்துடிப்பின் ஒரு சுற்றில் நொடியின் நூற்றில் சில பங்கே நீளும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுந்தால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும்; இரத்த ஓட்டம் நின்றுவிடும். மருத்துவத்தில் இதற்கு கொமோஷியோ கார்டிஸ் என்று பெயர். தமக்கு நேர்ந்தது இதுதான் என்று ஹாம்லினே அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்தார். இந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பில்ஸ் அணியில் ஆட்டக்காரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் உதவிப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் காலம் தாழ்த்தாமல் நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும், மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும்தான் அந்தப் பிள்ளையின் இதயத்தை மைதானத்திலேயே மீண்டும் துடிக்க வைத்தன. பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி வந்த அவர் தாயார் அதே ஆம்புலன்ஸில் ஏறிப் போனார். ஒரு தாயாக என் மனம் இன்றும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. தொலைக்காட்சியில் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் விடை தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சக ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்றார்கள், மண்டியிட்டார்கள், பலர் ஜெபித்தார்கள். அந்த வளையத்தைப் பற்றி யாருக்கும் பிணக்கு இல்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது, டென்மார்க் ஆட்டக்காரர்களும் அப்படித்தான் சுற்றி நின்று அவரை உலகத்தின் கண்களிலிருந்து மறைத்தார்கள். அதையும் தாண்டிப் படங்களைக் காட்டியதற்காக பி.பி.சி. பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. காயம்பட்டவரின் மானத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதை ஆட்டக்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்களுக்குத்தான் அது உடனே தெரியவில்லை. ஆகவே, நேரலையில் ஜெபிக்கலாமா என்று கேட்பதற்கு முன்பே, அந்த நேரத்தில் எதைக் காட்டக்கூடாது என்பதை உங்கள் நிலையம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஜெபத்துக்கு வருகிறேன். மறுநாள் ஜனவரி 3 அன்று, ஹாம்லின் நினைவு திரும்பாமல் கவலைக்கிடமாக இருந்த நிலையில், இ.எஸ்.பி.என். விளையாட்டு அலைவரிசையின் என்.எஃப்.எல். லைவ் என்ற அமெரிக்கக் கால்பந்து நிகழ்ச்சியில் விமர்சகர் டேன் ஒர்லோவ்ஸ்கி பேசினார். அவரே அதே ஆட்டத்தில் பந்தை வீசி அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர்; அந்தக் களத்தில் விழுந்து எழுந்தவர். நான் செய்யப்போவது ஒருவேளை சரியல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் என் உள்ளம் தூண்டுகிறது, கண்ணை மூடித் தலைகுனிந்து வாய்விட்டு ஜெபிக்கப்போகிறேன் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு ஜெபித்தார். உடனிருந்த லாரா ரட்லெட்ஜும் மார்கஸ் ஸ்பியர்ஸும் தலைகுனிந்தார்கள். அவ்வளவுதான். நீண்ட ஜெபமும் அல்ல.

அது தகுந்த செயல் என்றே நான் கருதுகிறேன். அது கிறிஸ்தவ ஜெபம் என்பதற்காக அல்ல. அவர் தம் பெயரில் ஜெபித்தார்; பார்க்கிறவர்களை நோக்கி நீங்களும் கண்ணை மூடுங்கள் என்று கட்டளையிடவில்லை. எங்களுக்குப் புரியாத நேரம் இது என்று ஒப்புக்கொண்டாரே தவிர, கடவுளின் மனதை அறிந்தவர்போல எதையும் வாக்களிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாம்லினின் குடும்பத்தார் அதே நாளில் வெளியிட்ட அறிக்கையில் மக்களின் ஜெபங்களுக்கும் முதலுதவி செய்தவர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் ஒருசேர நன்றி சொல்லி, தொடர்ந்து ஜெபிக்கும்படியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் காத்திருந்த வீட்டாரே அதை விரும்பினார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்க்கமான சான்று. ஹாம்லின் வேறு மதத்தவராகவோ எந்த மதத்தையும் சாராதவராகவோ இருந்து, குடும்பம் அமைதியை மட்டுமே வேண்டியிருந்தால், அதே ஜெபத்தை அதே சொற்களில் ஒளிபரப்புவது அத்துமீறலாகியிருக்கும் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம்பண்ணு என்று இயேசு சொன்னதை உன் சக ஊழியர் ஒருவர் எடுத்துக்காட்டியதாக எழுதியிருந்தாய். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை அவர் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறார். ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது மனிதர் காணும்படிச் செய்கிற ஜெபம். மனிதர் கேட்க நேர்கிற ஜெபம் அல்ல. லாசருவின் கல்லறை முன்னே இயேசு வாய்விட்டே ஜெபித்தார், சுற்றி நிற்கிற ஜனங்களுக்காகவே இதைச் சொல்கிறேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். துக்க வீட்டின் நடுவே, அழுதுகொண்டிருந்தவர்களுக்கு மத்தியில் அது நடந்தது. இருந்தாலும் உன் நண்பரின் எச்சரிக்கையை நீ ஒதுக்கிவிடாதே. உள்ளத்தின் நோக்கத்தைக் கேமரா பார்க்காது; அடுத்த முறை ஒருவர் ஜெபிக்கும்போது அதற்குக் கிடைக்கப்போகும் பாராட்டை எண்ணி ஜெபிக்கிறாரா என்பதை நாம் அறிய வழியில்லை. முதல் ஜெபம் தானாகப் பிறந்தது. அதை ஒவ்வொரு விபத்துக்கும் உரிய நிகழ்ச்சிப் பகுதியாக நிலையம் வகுத்து வைத்துக்கொண்டால், ஜெபத்தை மதிக்கிற நானே முதலில் அதை எதிர்ப்பேன்.

நீ கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான்: அந்த இடத்தில் ஒரு முஸ்லிம் விமர்சகர் கையேந்தித் துஆ கேட்டிருந்தால், நாடு இதே அன்போடு ஏற்றுக்கொண்டிருக்குமா? எல்லாரும் ஏற்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வுக்குப் பரிகாரம் ஒர்லோவ்ஸ்கியின் வாயை மூடுவது அல்ல. அந்த முஸ்லிம் சகோதரருக்கும் அதே இடத்தைத் தருவதும், ஜெபிக்காதவருக்கு அதே மதிப்பைத் தருவதும்தான். உங்கள் நிலையம் ஒரு மதத்தவருக்கு மட்டும் இதை அனுமதிக்குமானால், யாருக்கும் அனுமதிக்காமல் இருப்பதே நேர்மை. இதில் நீ விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதோடு சேர்ந்தது அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நிலை. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் ஜெபித்த வழக்கில், 2022 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது அரசுப் பள்ளி. தனியார் அலைவரிசைக்கு அந்தச் சட்டக் கேள்வியே எழாது. ஆனால் மாறுபட்ட நீதிபதிகள் கவலைப்பட்ட விஷயம் உங்கள் அரங்குக்கும் பொருந்தும்: அணியில் இடம் வேண்டுகிற மாணவன், பயிற்சியாளர் மண்டியிடும்போது தான் மட்டும் எப்படி நின்றுகொண்டிருப்பான்? நேரலையில், கோடிக் கண்கள் பார்க்கும்போது, புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் தலைகுனியாமல் இருக்க முடியுமா? ஆகவே யாராவது ஜெபிக்க விரும்பினால் இடைவேளையிலேயே மற்றவர்களிடம் சொல்லட்டும். விரும்பாதவரைச் சட்டகத்துக்கு வெளியே விடுங்கள். பேசுகிறவர் முகத்தில் மட்டும் கேமரா இருக்கட்டும். அதைச் செய்ய வேண்டிய இடத்தில் இருப்பவன் நீதான்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது ஜெபம் அல்ல, அதற்குப் பிறகு தொலைக்காட்சி சொல்கிற கதைதான். ஜனவரி 5 அன்று மருத்துவர்கள், ஹாம்லின் விழித்துக்கொண்டதையும், யார் வென்றது என்று அவர் எழுதிக் கேட்டதையும் சொன்னபோது நானும் கண்ணீர் விட்டேன். ஜெபம் வென்றது என்று உடனே தலைப்பு எழுதத் தோன்றும். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் பந்து கழுத்தில் பட்டு விழுந்த கிரிக்கெட் ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸுக்காகவும் மக்கள் ஜெபித்தார்கள். நவம்பர் 27 அன்று அவர் இறந்துபோனார். அவருக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் குறைவு என்றா சொல்வோம்? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தத் தலைப்பு எப்படி விழும் என்று எண்ணிப் பார். வார்டில் எத்தனையோ தாய்மார்கள், தாங்கள் சரியாக ஜெபிக்கவில்லையோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்னொரு தாயின் வாயில் வைக்கும் உரிமை எந்தச் செய்திக்கும் இல்லை. ஜெபிக்கலாம், ஆனால் அதன் பலனை ஆட்டத்தின் புள்ளிபோல அறிவிக்கக்கூடாது.

அது மட்டுமல்ல, கெல்லிங்டன் பெயர் அந்தக் கதையில் பின்னுக்குப் போய்விடக்கூடாது. 2012 மார்ச் 17 அன்று லண்டனில் கால்பந்து ஆட்டக்காரர் ஃபேப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே விழுந்து, 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்காமல் இருந்தபோது, பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் மைதானத்துக்குள் ஓடிவந்து உதவினார். முவாம்பாவுக்காகவும் ஊரே ஜெபித்தது. ஜெபத்தையும் அந்த ஓட்டத்தையும் எதிரெதிராக நிறுத்த என்னால் முடியாது. ஹாம்லினின் பொம்மை நன்கொடைத் திட்டத்துக்கு வேண்டியிருந்தது 2,500 டாலர். சில நாட்களில் 80 லட்சத்துக்கும் மேல் குவிந்தது. ஜெபித்தவர்களும் ஜெபிக்காதவர்களும் சேர்ந்தே கொடுத்திருப்பார்கள். எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு மனிதருக்கு வரும்போது அதற்கு ஒரு வழி காட்டுவது உங்கள் தொழிலின் பகுதி. பிழைத்து மறுபடி களத்துக்கும் திரும்பிய ஹாம்லினே அமெரிக்க இதயச் சங்கத்தோடு சேர்ந்து மக்களை சி.பி.ஆர். என்ற, நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளச் சொல்லிவருகிறார்.

எனவே, கூட்டத்தில் கேட்டால் இப்படிச் சொல்: குடும்பத்தின் விருப்பம் தெரிந்த பிறகு, தம் பெயரில், சுருக்கமாக, எந்த மதத்தவரும் ஜெபிக்கலாம், நிலையம் அதைத் தூண்டவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம், மறுநாள் விளம்பரத் துணுக்காக வெட்டி ஓட்டவும் வேண்டாம். ஜெபம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்தின் கணிப்புக்குத் தாவாமல், நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று ஒரு நிமிடம் காட்டச் சொல்: மார்பின் நடுவில், பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இதை யாருடைய நம்பிக்கையும் மறுக்காது.

உங்கள் அரங்கில் ஏ.இ.டி. பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது, இரவுப் பணியில் அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று விசாரித்து எனக்கு எழுது. நீயும் சி.பி.ஆர். பயிற்சிக்குப் பெயர் கொடு. கடந்த முறை கேட்டபோது அடுத்த மாதம் என்றாய்.

அன்புடன்,
அம்மா